சூடு ஆறும் முன் போன உரம்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. அவரைப் பற்றி நல்லதை மட்டும் எழுதினால் அவருக்கே பிடிக்காது.

குழித்துறைக்கு அருகே பிறந்தவர். தந்தை காலமானபின் அம்மாவையும் என்னையும் அழைத்துக்கொண்டு திருவனந்தபுரம் வந்தார். பழவங்காடி ஓட்டல்களின் எச்சில் இலையையும் சந்தைக் கழிவையும் மக்கவைத்து உரமாக்கும் தனியார் களம் ஒன்றில் கூலியாகச் சேர்ந்து, மேஸ்திரியானார். குப்பை உரத்தை அன்று யாரும் நம்பவில்லை. அண்ணன் அதைச் சாக்கில் கட்டி, பஸ்ஸில் ஊர் ஊராகக் கொண்டுபோய் இலவசமாகக் கொடுத்தார். நெய்யாற்றின்கரைப் பக்கம் குத்தகை நிலத்தில் வாழை வைத்திருந்த ஒருவர்தான் முதலில் லாரி லோடாக வாங்கினார். அவரைப் பார்த்துப் பக்கத்து ஊர்க்காரர்களும் வாங்கினர்.

எழுபதுகளில் ஒரு மழைக்காலத்துக்கு முன், அந்த வாழை விவசாயிக்குப் போகவேண்டிய குவியலில் அண்ணன் கம்பியைச் சொருகி எடுத்துத் தொட்டுப் பார்த்தார்.

"இன்னும் சூடு ஆறல்ல, முதலாளி. இப்பம் போட்டா வேரு கருகும்."

"மழை பிடிச்சா லாரி போவாது. ஏத்து. இல்லேங்கில் நாளைக்கு வேலைக்கு வரண்டாம்."

எனக்குத் திருமணம் நிச்சயமாகியிருந்த நேரம் அது. அண்ணன் ஏற்றிவிட்டார்.

கன்றுகள் கருகின. சேதி கேட்டதும் அண்ணன் நேரே போய், சூடு ஆறாதது தனக்குத் தெரியும் என்று ஒப்புக்கொண்டார்.

"தெரிஞ்சோண்டா அனுப்பினீரு?" என்று மட்டும் கேட்டார் அந்த விவசாயி.

அண்ணன் வேலையை விட்டுவிட்டு, ஒரு வாரம் அந்த வயலிலேயே நின்று கன்றுகளைச் சுற்றியிருந்த உரத்தைச் சுரண்டி அகற்றினார். பிழைத்தவை கொஞ்சம்தான். பிறகு வேறொரு களத்தில் சேர்ந்தார். அந்த ஊர்களில் மறுபடி யாரும் அவரிடம் உரம் வாங்கவில்லை.

கடைசியில் மூச்சுமுட்டல் வந்து படுத்துவிட்டார். வருடக்கணக்காக உள்ளே போன உரத்தூசி என்றார் டாக்டர். ஒருநாள் என்னை அழைத்து, "அந்த வாழைக்காரரு மன்னிச்சாரான்னு கேட்டுட்டு வா, மக்கா" என்றார்.

போனேன். அந்தப் பெரியவர் என்னை உட்காரவைத்துச் சொன்னார்: "ஒங்க அண்ணன் நேருல வந்து பறஞ்சாரு. வேற ஆரும் வந்திருக்க மாட்டாங்க. ஆனா எனக்க குத்தகை நிலம் கைவிட்டுப் போச்சு. மன்னிச்சேன்னு எப்படிப் பறய?"

முதல் பாதியை மட்டும் சொல்லிவிடலாம் என்று பஸ்ஸில் நினைத்துக்கொண்டே வந்தேன். அண்ணன் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை. முழுவதையும் சொன்னேன்.

"அவரு பறஞ்சது சரிதான்" என்றார். பல நாட்களுக்குப் பிறகு அன்றுதான் கஞ்சி கேட்டு வாங்கிக் குடித்தார். நான்காம் நாள் காலமானார்.

நோயில் துணைநின்ற, கரமனையில் எங்கள் வீட்டு அயலாருக்கும், அண்ணனைத் தோளில் சுமந்த களத்துத் தொழிலாளர்களுக்கும், பொய் சொல்லித் தேற்றாமல் என்னை அனுப்பிவைத்த அந்தப் பெரியவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.