முதல் சொல்லை மறைப்பவர்

“ஐயாவுக்கு என்ன கோவம்? கால நீட்டுங்க. ஆங், அப்படித்தான். அப்புறம், வீட்ல என்ன விசேஷம்?” ஈரத்துணியை மாற்றிக்கொண்டே கேட்கிறார். ஆறு மாதக் குழந்தை ‘ஙே’ என்கிறது. “அப்படியா சொன்னாங்க? நீ சும்மாவா விட்ட?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்காக நிஜமாகவே காத்திருக்கிறார். நாம் காத்திருந்தால்தான் பிள்ளைக்குப் பேச்சு வரும் என்பது அவர் கட்சி.

குழந்தைகள் காப்பகத்தில் பதினைந்து ஆண்டுகளாக ஆயா. மாலையில் வரும் அம்மாக்களிடம், பால் குடித்ததையும் தூங்கியதையும் மட்டும் சொல்வார். முதல் அடி, முதல் சொல் பற்றி மூச்சு விடமாட்டார். என் மகன் வீட்டில் “பூ” என்றபோது தெருவுக்கே சொல்லிப் பூரித்தேன். நாலு நாள் முன்பே அதை அவரிடம் சொல்லிவிட்டான் என்பது இரண்டு வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

“மொதல்ல நீங்க கேட்டதாவே இருக்கட்டும்மா. அடுத்தவங்க சொல்லித் தெரிஞ்சுக்கறது இருக்கே, அது வேணாம்.”

கணவர் விட்டுப் போனபோது அவர் மகளுக்கு ஐந்து மாதம். அக்காவிடம் விட்டுவிட்டு வேலை தேடி இங்கே வந்தார். மகள் தவழ்ந்தது, நடந்தது, பேசியது எல்லாம் அக்கா போனில் சொல்லிக் கேட்டவை. மகளுக்கு அக்காதான் அம்மா.

போன வருடம் தன்னிடமே அழைத்துக்கொண்டார். மகள் முரண்டு பிடிக்கவில்லை. மரியாதையாக இருந்தாள். அதுதான் இவரை வாட்டியது. “இங்க பாருங்க, சாப்பாடு போதும்” என்பாள். உறவு சொல்லி அழைப்பதில்லை. தோழியோடு போனில் அவள் கலகலவென்று சிரிக்கும்போது, இவர் குழாயை மூடிவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார். “நாள் பூரா வாய் ஓயாம பேசறவதான் நான். அவ முன்னாடி நின்னா ஒரு வார்த்தை வர மாட்டேங்குது.”

சென்ற ஞாயிறு மகளுக்குக் கடுங்காய்ச்சல். மத்தியானம், கண்ணைத் திறக்காமலே, “அம்மா, கையக் குடும்மா” என்றாளாம்.

“எந்த அம்மாவக் கூப்பிட்டாளோ, தெரியல” என்றார் என்னிடம்.

“நீங்க என்ன சொன்னீங்க?”

“ஒண்ணும் சொல்லல. என் குரல் கேட்டா முழிச்சிருவாளே.”

சத்தம் வராமல் வளையல்களை முழங்கை வரை ஏற்றிக்கொண்டு, கையை மட்டும் நீட்டியிருக்கிறார்.