ராணி ஏன் ஓடத்தில் ஏறவில்லை?

ஈரக் குடைகளின் வாடை... கடுகெண்ணெய் விட்டுக் கலக்கிய பொரி... தலைக்கு மேலே கடகடவென்று ஆடிக்கொண்டே சுற்றும் ஃபேன்.

டாக்குரியாவில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துத் தியேட்டரில், மழைக்கால மேட்னி ஷோ அது. எனக்குக் கல்யாணமாகி மூன்றே மாதம். தென்காசிப் பக்கத்திலிருந்து நேராகக் கல்கத்தா. இந்தியும் தெரியாது, வங்காளமும் தெரியாது.

மாடி வீட்டு பௌதிதான் என்னை இழுத்துக்கொண்டு போனாள். அங்கே பௌதி என்றால் அண்ணி. நான் ஜன்னலோரம் உட்கார்ந்து அழுவதைப் பார்த்திருப்பாள் போலிருக்கிறது.

பழைய இந்திப் படம், ராஜா ராணி காதல் கதை. மறுபடி ரிலீஸ் பண்ணியிருந்தார்கள். எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்... ராஜா போரில் தோற்றுவிட்டான். கடைசியில் ஆற்றங்கரை, ஒரு ஓடம். ராஜா ஏறிக்கொண்டு கையை நீட்டுகிறான். ராணி ஒரே ஒரு வசனம் சொல்கிறாள். ஏறவில்லை. ஓடம் போய்விடுகிறது.

தியேட்டரே மூக்கை உறிஞ்சியது. நான் மட்டும் திருதிருவென்று முழித்துக்கொண்டிருந்தேன்.

வெளியே டீக்கடையில் ஆளாளுக்குச் சண்டை. காலேஜ் பெண் ஒருத்தி கோபமாக ஏதோ கத்தினாள். வயதான ஒருவர் கையெடுத்துக் கும்பிட்டார், ராணியைத்தான் என்று நினைக்கிறேன். பௌதி கண்ணைத் துடைத்தபடி என்னிடம், "ரானி ஓகே கூப் பாலோபாஷே..." என்றாள்.

'பாலோ' என்றால் நல்லது என்பது மட்டும் அப்போது தெரியும். ராணி ரொம்ப நல்லவள் என்கிறாளாக்கும் என்று தலையாட்டினேன். அவனை அவ்வளவு காதலிக்கிறாள் என்று அதற்கு அர்த்தம். அது தெரிய இன்னும் பல மாதம் ஆனது.

என் வீட்டுக்காரர் கிடர்பூரில் துறைமுக ஆபீஸ் கிளார்க். கல்யாணத்துக்கு முன்னால் அந்தப் படத்தை மூன்று தடவை பார்த்தவர். ராத்திரி சோறு போடும்போது கேட்டேன்.

"என்னங்க, அந்த ராணி ஏன் ஏறல?"

சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "அவளுக்கு அவன்கூட இருக்கவே பிடிக்கல. மனசெல்லாம் அப்பா வீட்டுலதான் கெடக்கு."

"அப்போ தப்பு அவ மேலயா?"

"தப்புன்னு யாரு சொன்னா? பிடிக்காத ஊர்ல ஒருத்தி எத்தனை நாள் இருப்பா..."

பாதிச் சோற்றோடு எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. படத்தில் ஊரைப் பற்றி என்ன பேச்சு? கட்டிலுக்கு அடியில் என் டிரங்குப் பெட்டி தயாராக இருந்தது. ஆடிக்கு அழைத்துப்போக அண்ணன் வருவதாகக் கடிதம் போட்டிருந்தான். இவர் ராணியைச் சொல்கிறாரா, என்னையா? கேட்கவும் பயம்.

அடுத்த மூன்று நாள் வீட்டில் பேச்சே குறைந்துபோனது. "உப்பு", "தண்ணி", "குடை எங்க?"... அவ்வளவுதான்.

சனிக்கிழமை அண்ணன் வந்து இறங்கினான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ரயில். காலையில் எங்கிருந்து தைரியம் வந்ததோ, "அந்தப் படத்தை நீங்க கூட இருந்து ஒருதரம் காட்டுங்க. எனக்குப் புரியணும்" என்றேன். அன்று காலை ஆட்டம் இருந்தது. அண்ணனையும் கூட்டிக்கொண்டு மூன்று பேருமாகப் போனோம்.

அண்ணன் இடைவேளைக்கு முன்னாலேயே குறட்டை. இவர் என் காதோரம் ஒவ்வொரு வசனமாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். ஆற்றங்கரை வந்தது. ராணி வாயைத் திறந்தாள்.

"'நீங்க முன்னால போங்க'ங்கா... 'என்னோட...'"

நிறுத்திவிட்டார்.

"என்னோட... என்ன?"

"தெரியல. பெரிய உருது வார்த்தை. துறைமுகத்துல பேசுற இந்தியில அதெல்லாம் வராது."

மூன்று தடவை பார்த்தவர்!

"பின்ன அவளுக்குப் பிடிக்கலன்னு எப்படிச் சொன்னீங்க?"

"அவ மூஞ்சியப் பாத்தா அப்படித் தோணிச்சு."

"மூஞ்சியப் பாத்தே முடிவு பண்ணிருவீங்களோ? வாயத் தொறந்து கேக்க மாட்டீங்களோ?"

கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன். முன்வரிசையில் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணன் திடுக்கிட்டு முழித்து, "என்ன மாப்ள, படம் முடிஞ்சிட்டோ?" என்றான்.

வெளியே நல்ல மழை. அண்ணன் வெற்றிலை வாங்கப் போன நேரத்தில், ரோட்டைப் பார்த்தபடி இவர் கேட்டார்:

"திரும்பி வருவேல்லா?"

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "இதக் கேக்கவா மூணு நாளு?" என்றேன். ஆவணி பிறந்த மூன்றாம் நாள் ஹவுராவில் வந்து இறங்கினேன். பிளாட்பாரத்தில் இவர் பக்கத்தில் பௌதியும் நின்றிருந்தாள்.

நாற்பது வருஷம் ஓடிவிட்டது. அந்தத் தியேட்டர் இப்போது துணிக்கடை. பௌதி மகனோடு கல்கத்தாவிலேயே சால்ட் லேக் பக்கம் போய்விட்டாள், எப்போதாவது போன். அன்று டீக்கடையில் முகம் பார்த்துச் சண்டை போட்டார்கள்... இன்று இன்டர்நெட்டில் அதே படத்துக்குக் கீழே, முகம் தெரியாதவர்கள் நட்சத்திரம் போட்டுத் திட்டுகிறார்கள், புகழ்கிறார்கள். ராணி தியாகி, ராணி ஏமாளி, ராணி துரோகி. எல்லாவற்றையும் படித்தேன். குழப்பம் கூடியதுதான் மிச்சம்.

போன மாதம் மகள் டிவியில் அந்தப் படத்தைப் போட்டாள், தமிழ் சப்டைட்டிலோடு. இன்றைக்கு அந்த வார்த்தை தெரிந்துவிடும் என்று நானும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஆற்றங்கரை. ஓடம். நான் இவர் முகத்தைத் திரும்பிப் பார்த்தேன். இவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் எழுத்து வந்து மறைந்துவிட்டது.

"ரீவைண்ட் பண்ணவாப்பா?" என்றாள் மகள்.

"வேண்டாம்மா. எங்களுக்குத் தெரியும்" என்றார் இவர்.

இவருக்கு என்ன தெரியும் என்பதுதான் எனக்கு இன்னும் தெரியவில்லை.