உளுந்தஞ்சோறும் ஒடிந்த மணிக்கட்டும்

என் கணவர் முதல் தடவை சோற்றுத் தட்டைத் தூக்கி எறிந்தபோது எங்களுக்குக் கல்யாணமாகி நாற்பது நாள்கூட ஆகியிருக்கவில்லை. தட்டு என்மேல் படவில்லை. சுவரில் மோதி நெளிந்து, ஃப்ரிட்ஜுக்கு அடியில் போய் நின்றது. சோறுதான் என் தலைமுடியிலும் நைட்டியிலும் அப்பிக்கொண்டது. அன்று நான் ஆக்கியிருந்தது உளுந்தஞ்சோறு.

"இன்னாது இது, கறுப்பா? மாட்டுக்கு வெக்கிறியா?" என்றார்.

இதே சோற்றை அவர் என் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கித் தின்றவர். அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல முடியும்.

நான் அம்பாசமுத்திரம் பக்கத்துப் பெண். பிளஸ் டூ முடித்த கையோடு சுங்குவார்சத்திரத்துக்குப் பக்கத்தில் இருந்த எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனிக்கு வேலைக்கு வந்தேன். எங்கள் ஊர்ப்பக்கத்துப் பெண்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு ரூம் எடுத்திருந்தோம். ஆறு நாளும் கம்பெனி கேன்டீன் சாப்பாடு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் எங்கள் அடுப்பு எரியும். மற்றவர்கள் விதவிதமாகச் செய்வார்கள். எனக்கு அம்மாவிடமிருந்து உருப்படியாக வந்தது ஒரே ஒரு பக்குவம். தோலோடு உடைத்த கறுப்பு உளுந்தை வாசம் வரும்வரை வறுத்து, புழுங்கல் அரிசியோடு சேர்த்துக் களைந்து, முழுப் பூண்டும் கொஞ்சம் வெந்தயமும் போட்டு, ஒரு மூடி தேங்காயைத் துருவிக் கொட்டிக் குழைய வேகவைக்க வேண்டும். தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல். மேலே நல்லெண்ணெய். மாதவிலக்கு வலியோடு ஷிப்ட் முடித்து வந்த பெண்ணுக்கு அதைப் போட்டால், இரண்டாவது கவளத்தில் பேச ஆரம்பித்துவிடுவாள்.

அவர் ஒரகடத்தில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் சூப்பர்வைசர். வல்லக்கோட்டைக்குப் பக்கத்துக் கிராமத்துக்காரர். பஸ் ஸ்டாப்பில் பார்த்துப் பழக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை டப்பாவில் உளுந்தஞ்சோறு கொண்டுபோய்க் கொடுத்தேன். நின்றபடியே தின்றார். மூடியில் ஒட்டியிருந்த துவையலைக்கூட விரலால் வழித்து நக்கினார். "எங்க அம்மாகூட எனக்கு இப்டி ஆக்கினது இல்ல" என்றார். அந்தப் பேச்சில்தான் நான் விழுந்தேன். வல்லக்கோட்டை முருகன் கோயிலில் தாலி கட்டினார். என் வீட்டிலிருந்து ஒருவரும் வரவில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு அவர் ஏன் இப்படி ஆனார் என்று நான் பல வருடம் காரணம் தேடியிருக்கிறேன். கம்பெனியில் டார்கெட் என்று நினைத்தேன். குடி என்று நினைத்தேன். குடிக்காத நாளிலும் அடி விழுந்தது. இப்போது நான் காரணம் தேடுவதில்லை. சாப்பாடு ஒரு சாக்கு. ஒரு நாளைக்கு மூன்று வேளை வருகிற சாக்கு. உப்பு குறைந்தால் கன்னத்தில் அறை. குழம்பு தண்ணியாக இருந்தால் அதை அப்படியே என் காலில் ஊற்றுவார். ஒரு காலையில் தோசை கல்லோடு ஒட்டிக்கொண்டது. "கல்லு காஞ்சிச்சா இல்லியான்னு தெரியாமயா ஊத்தற?" என்று கேட்டபடி, என் வலது கையைப் பிடித்து தோசைக்கல்லில் வைத்து அழுத்தினார். எடுத்தபோது உள்ளங்கைத் தோல் கல்லில் கொஞ்சம் தங்கிவிட்டது. அந்த வாசனை என் மூக்கை விட்டுப் போகப் பல நாளானது.

அன்றும் நான் வேலைக்குப் போனேன். என் வேலை பொடி ஸ்க்ரூ முடுக்குவது. க்ளவுஸுக்குள் கை கொப்பளித்து நீர் ஒழுகியது. லைன் லீடர் பெண் பார்த்துவிட்டுக் கேட்டாள். எண்ணெய் தெறித்துவிட்டது என்றேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு என்னை ஸ்டிக்கர் ஒட்டுகிற இடத்துக்கு மாற்றிவிட்டாள்.

வீட்டில் என் மாமியாரும் இருந்தார். விதவை. ஒரு கம்பெனி கேன்டீனில் காய் நறுக்கும் வேலை. மூட்டை மூட்டையாக வெங்காயம் உரிக்கிற கை. மகன் என்னை அடிக்கும்போது ஒரு வார்த்தை பேசமாட்டார். எழுந்து பின்பக்கம் போய், ஏற்கெனவே துலக்கிய பாத்திரத்தை மறுபடியும் போட்டுத் தேய்ப்பார். அடி ஓய்ந்த பிறகு வந்து, ஒரு கிண்ணத்தில் பழைய சோறும் அவர் வைத்த கருவாட்டுக் குழம்பும் என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவார். வாளைக் கருவாடும் கத்திரிக்காயும் போட்ட குழம்பு. வாயைத் திறந்து தடுக்காதவள் கிண்ணத்தை மட்டும் நீட்டுகிறாளே என்று அவர்மேல் எனக்கு வெறுப்பு. ஆனால் ஒரு தடவைகூட நான் அதைச் சாப்பிடாமல் விட்டதில்லை. உதடு கிழிந்திருக்கும், புளிக் காரம் அதில் பட்டு எரியும், அழுதுகொண்டே தின்பேன். நன்றாக இருக்கும்.

என் மகளுக்கு நான்கு வயது நடந்தபோது ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்தாள். காய்ச்சல் விட்ட பிறகு எதைக் கொடுத்தாலும் துப்பினாள். அன்று எனக்கும் மாமியாருக்கும் விடுமுறை. என் கணவருக்கு முதல் ஷிப்ட், நாலு மணிக்குமேல்தான் வருவார் என்று நம்பி, ஐந்து வருடத்துக்குப் பிறகு உளுந்து வறுத்தேன். மகள் அடுப்படித் தரையில் கிண்ணங்களை அடுக்கி விளையாடிக்கொண்டிருந்தாள். மாமியார் பக்கத்து அடுப்பில் வடகம் பொரித்துக்கொண்டிருந்தார். குக்கர் மூடியைத் திறந்து, ஆவி அடங்கட்டும் என்று நின்றபோது அவர் உள்ளே வந்தார். கம்பெனியில் யாருடனோ தகராறு, பாதியில் கிளம்பி வந்திருக்கிறார் என்பது பின்னால்தான் தெரிந்தது.

"இந்த வூட்ல இத்த ஆக்கக்கூடாதுன்னு சொன்னனா இல்லியா?"

"பிள்ளைக்கு ஆக்குனேன். உங்களுக்குக் குழம்பு தனியா இருக்கு" என்றேன்.

குக்கரின் கைப்பிடியைப் பிடித்து இழுத்து வீசினார். என்னை நோக்கித்தான் வீசினார். அது அடுப்பு மேடையில் இடித்துத் திரும்பி மகளின் பக்கம் கவிழ்ந்தது. கொதிக்கிற சோறு அவள் இடது பாதத்தை மூடியது. அவள் போட்ட சத்தத்தை எழுத எனக்குச் சொல் கிடையாது. நான் குனிந்தேன். குனிந்த தலையின் முடியைக் கொத்தாகப் பிடித்து, மேடையின் கல் விளிம்பில் மோதினார். ஒன்று. இரண்டு. மூன்றாவதில் கண்ணுக்குள் ரத்தம் இறங்கியது.

அந்தச் சிவப்புக்குள் மாமியாரைப் பார்த்தேன். வாணலியிலிருந்து இரும்புக் கரண்டியை எடுத்தார். எண்ணெய் சொட்டச் சொட்ட, என் முடியைப் பிடித்திருந்த மகனின் மணிக்கட்டில் அடித்தார். மகன் விடவில்லை. மறுபடியும் அடித்தார். விடவில்லை. மூன்றாவது அடியில் முருங்கைக் கொம்பு ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். பிடி தளர்ந்தது.

மாமியார் நிறுத்தவில்லை. தோளில், முதுகில், பின்கழுத்தில், விழுந்த இடமெல்லாம் அடித்தார். ஒரு வசவு கிடையாது, ஒரு அழுகை கிடையாது. வெங்காயம் நறுக்குகிறபோது இருக்குமே, அதே முகம். மகளைத் தூக்கிக் குழாயடியில் காலைக் காட்டியபடி நான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கணவர் கொட்டிக் கிடந்த சோற்றின்மேல் உட்கார்ந்து "யம்மா, வுடும்மா, வுடும்மா" என்று கத்தினார். போதும் அத்தை என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இன்னும் ரெண்டு விழட்டும் என்று காத்திருந்தேன். குழந்தை அலறிக்கொண்டிருந்த அந்த நேரத்திலும் எனக்குள் ஒரு சந்தோஷம் ஓடியது. அதை மறைத்து எழுதினால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும்.

எங்கள் தெருவில் அந்த நேரம் நின்றது ஒரே ஒரு ஷேர் ஆட்டோ. அதனால் நான்கு பேரும் அதிலேயே போனோம். முன்சீட்டில் டிரைவரோடு அவர், தொங்கும் கையை மறுகையால் ஏந்தியபடி. பின்னால் ஈரத்துணி சுற்றிய காலோடு மகள், நெற்றியில் துண்டை அமுக்கிப் பிடித்த நான், சேலையெல்லாம் எண்ணெயாக மாமியார். ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் லாரிக்குப் பின்னால் ஆட்டோ நின்றபோதெல்லாம் அவர் முனகினார். டிரைவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்துப் பார்த்து ஓட்டினார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒவ்வொருவராகக் கேட்டார். அவர், "பைக்லேர்ந்து வுழுந்துட்டேன்" என்றார். நான் பழக்க தோஷத்தில், "வழுக்கி விழுந்துட்டேன்" என்றேன். மாமியார்தான் குறுக்கே வந்தார்.

"ரெண்டும் பொய்யி. கொயந்த மேல சோத்த கொட்னது இவன். இவ மண்டைய ஒடச்சதும் இவன். இவன் கைய ஒடச்சது நானு. அப்டியே எழுதிக்கோ சார்."

என் நெற்றியில் ஏழு தையல். மகளின் பாதத்தில் தோல் பிடிக்க இரண்டு மாதம் ஆனது. அவருக்கு மாவுக்கட்டு. வீடு மாமியார் பெயரில் இருந்தது. அன்று சாயங்காலமே மகனின் துணிகளை ஒரு அரிசிச் சாக்கில் கட்டி வாசலில் வைத்துவிட்டார். அவர் மறைமலை நகரில் ஒரு சிநேகிதர் ரூமுக்குப் போனார். கட்டுப் பிரித்த பிறகு ஒரு மத்தியானம் வந்து கதவை உதைத்து ஜன்னல் கண்ணாடியை உடைத்தார். தெருவே கூடியது. மகளிர் போலீசுக்குப் போனோம். அவரைக் கூப்பிட்டு எழுதி வாங்கினார்கள். அதற்குப் பிறகு அவர் அந்தத் தெருவுக்கு வரவில்லை.

இத்தோடு கதை முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன். சில மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாமியார் விடியற்காலையிலேயே கோழி வாங்கிவந்து மிளகு அரைத்துக் குழம்பு வைத்தார். அதில் பாதியைத் தூக்குச்சட்டியில் ஊற்றி, பஸ்ஸுக்குக் கிளம்பினார். எங்கே என்றேன். செருப்பை மாட்டினார். எனக்குப் புரிந்துவிட்டது.

"அவருக்குச் சோறு கொண்டுட்டுப் போறீங்களா அத்தை? இந்தப் பிள்ளை காலைப் பாத்த பிறகுமா?"

"ஆமா."

"அப்போ என்னத்துக்கு அன்னைக்கு அடிச்சீங்க?"

மாமியார் தூக்குச்சட்டியைக் கீழே வைத்தார். "அடிச்சது அடிச்சதுதான். வூட்டுக்குள்ள வுடமாட்டேன், நான் சாவற வரிக்கும் வுடமாட்டேன். ஆனா அவன் துண்ணானா இல்லியான்னு எனக்கு இங்க குடையுது. நான் இன்னா பண்ணட்டும், சொல்லு."

நான் தூக்குச்சட்டியை எட்டி உதைத்தேன். மூடி தெறித்து, குழம்பு வாசல்வரை ஓடியது. மாமியார் என்னையும் குழம்பையும் மாறி மாறிப் பார்த்தார். மிச்சமிருந்த பாதியை வேறு பாத்திரத்தில் ஊற்றிக்கொண்டு பஸ் ஏறிப் போய்விட்டார். அன்று எனக்கும் மகளுக்கும் குழம்பு இல்லை. வாசலை நானே கழுவிவிட்டேன். வீட்டில் இப்போது எறிகிற ஆள் நான் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

உறைத்தது அடுத்த வருடம். தொடர்ந்து எட்டு நாள் ஓவர்டைம் பார்த்துவிட்டு வந்திருந்தேன். கண் எரிந்தது. மகளுக்குச் சாம்பார் சாதம் பிசைந்து ஊட்டினேன். வேண்டாம் என்று தட்டை ஒதுக்கினாள். மறுபடியும் ஊட்டினேன். துப்பினாள். அறைந்தேன். ஒன்றல்ல. இரண்டாவது அறையில் அவள் தலை சுவரில் போய் இடித்தது. மூன்றாவதுக்கு ஓங்கிய கையை மாமியார் பின்னாலிருந்து பிடித்தார்.

"உன் புருசனோட அப்பன் என்னிய அடிக்க சொல்லோ, அவன் இந்த மூலைல நின்னு பாத்துகினு இருப்பான். இவ வயசுதான் அப்போ. நான் பாத்திரத்த தேச்சிகினு இருந்தேன், பாத்துட்டு மறந்துடுவான்னு" என்றார். கையை விடாமலே சொன்னார். சொரசொரப்பான, ஈரமான, வெங்காய வாசம் போகாத கை. என் மணிக்கட்டு அதற்குள் வலித்தது.

அதற்குப் பிறகு பல மாதம், வாயைத் துடைத்துவிட நான் கையை உயர்த்தினாலும் மகள் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வாள். மன்னிப்புக் கேட்டேன். ஐந்து வயதுப் பிள்ளைக்கு மன்னிப்பு என்றால் என்ன தெரியும்? நான் கிட்டே உட்கார்ந்தால் சாப்பிடமாட்டாள். அதனால் அவள் சாப்பிடும்போது நான் வெளியே போய் நின்றுகொள்வேன். உள்ளே பாட்டியோடு சிரித்துப் பேசிக்கொண்டு சாப்பிடுகிற சத்தம் கேட்கும். அதைக் கேட்டபடி நிற்பேன்.

ஒரு காலையில் நான் ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அவள் தூக்கக் கலக்கத்தோடு அடுப்படிக்கு வந்தாள். மாமியார் குளித்துக்கொண்டிருந்தார்.

"பசிக்குது" என்றாள்.

"முட்டை ஊத்தவா?"

உப்பு ஜாடியைப் பார்த்தாள். "நீ ஊத்து. உப்பு நான்தான் போடுவேன்."

முக்காலியை இழுத்துப்போட்டு ஏறி, என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உப்பை ஒரு பிடி அள்ளிப் போட்டாள். நான் தடுக்கவில்லை. வாயில் வைத்ததும் அவளுக்கே முகம் சுளித்தது. என்னைப் பார்த்தாள், நான் என்ன செய்வேன் என்று. நான் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டு மென்றேன். அவளும் மென்றாள். கம்பெனி பஸ் தெருமுனையில் ஹாரன் அடித்தது. கையைக் கழுவாமலே பையை எடுத்துக்கொண்டு ஓடினேன்.