கையும் காலும் ஒரே கட்சி

நாட்டைக் காக்கக் கிளம்புகிறவனுக்கு முதல் வேலையாக மொட்டை அடித்துவிட வேண்டும் என்பது எந்தப் போரில் கண்டுபிடித்த தந்திரமோ தெரியவில்லை. அந்தப் பயிற்சி முகாமின் முடிதிருத்துபவர் அதை மிகுந்த மரியாதையோடு நிறைவேற்றி வந்தார். நாற்காலியில் உட்கார்கிற ஒவ்வொருவனிடமும், "எப்படி வெட்டணும் தம்பி?" என்று கேட்பார். ஆளும் ஆசையாக, "ஓரத்துல குறைச்சு, மேல அப்படியே விட்டுடுங்கண்ணே" என்பான். "செஞ்சிடலாம்" என்று சொல்லி, நெற்றியில் மெஷினை வைத்துப் பிடரி வரைக்கும் ஒரே இழுப்பு இழுப்பார். இத்தனை வருஷமாக இதைச் செய்தும் ஒருநாள் கூட அவர் சிரித்ததில்லை. அதுதான் தொழில் பக்தி.

நம் ஆள் மட்டும், "எப்படி வெட்டணும்?" என்ற கேள்விக்கு, "சீக்கிரம் வெட்டுங்கண்ணே, அடுத்தது சாப்பாடுன்னு சொன்னாங்க" என்றான். முடிதிருத்துபவர் அன்றைக்குத்தான் முதல் தடவையாக மெஷினை நிறுத்திவிட்டு ஓர் ஆளின் முகத்தைப் பார்த்தார்.

முந்தின வாரம் வரைக்கும் அவன் அக்கா புருஷனின் லாரியில் சாமான் தூக்கிக்கொண்டிருந்தவன். வீடு மாற்றுகிறவர்களின் கட்டில், மேஜை, ஃபிரிட்ஜ், எல்லாவற்றுக்கும் மேலாக இரும்பு பீரோ. பீரோவைத் தோல் பட்டையில் கட்டி, தோளில் ஏற்றி, குறுகலான மாடிப்படியில் இறக்குவது அவன் இலாகா. மாமா மேல்படியில் நின்று, ஊருக்கே கேட்கும்படி, "வலது! வலது! இடது வை!" என்று கத்துவார். கத்துவது அவர் இலாகா. "முன்னே என்னடா வேலை பார்த்தே?" என்று முகாமில் கேட்டபோது, "பீரோ தூக்கினேன்" என்றான். அந்த நிமிஷத்தோடு அவன் அம்மா அப்பா வைத்த பெயர் ஓய்வு பெற்றது. 'பீரோ' பதவியேற்றது.

சீருடை கொடுக்கிற ஸ்டோர்காரரிடம் இரண்டே அளவுதான் இருந்தன: பெரிசு, ரொம்பப் பெரிசு. பீரோவின் பக்கத்துக் கட்டில்காரன் ஒல்லி. ஊசி என்று பெயர். அவன் பேண்ட்டுக்குள் இன்னொருவனைக் குடிவைக்கலாம் போலிருந்தது.

"சார், அளவு சரியில்லைங்க."

"துணியெல்லாம் சரியாத்தான் இருக்கு. உன் உடம்புதான் சரியில்ல. போகப் போக அது சரியாயிடும். அடுத்த ஆள்."

பீரோவுக்கோ எல்லாமே சொர்க்கமாகத் தெரிந்தது. சொந்தமாக ஒரு கட்டில். அதைத் தூக்கிக்கொண்டு போய் இன்னொருவன் வீட்டில் போட வேண்டியதில்லை, தானே படுக்கலாம். முதுகில் மணல் பையைக் கட்டி மலையைச் சுற்றி ஓடச் சொன்னார்கள். மற்றவர்கள் பெற்ற தாயைக் கூப்பிட்டு அழுதுகொண்டே ஓடினார்கள். இவன் பாதி வழியில் நின்று, "சார், என் பையில மணல் போட மறந்துட்டாங்களா?" என்று நிஜமாகவே சந்தேகம் கேட்டான். ஊசி அன்றைக்குப் பூராவும் அவனோடு பேசவில்லை.

ஆக, ஓட்டத்தில் முதல், சுமையில் முதல், சாப்பாட்டில் முதல். நடக்கச் சொன்னபோதுதான் குட்டு வெளிப்பட்டது.

அணிநடை சொல்லிக்கொடுக்கிற சார்ஜென்ட்டுக்கு முகாமில் மைக்செட் என்று பெயர். அவர் மெதுவாகப் பேசி அவர் மனைவியே கேட்டதில்லை என்று சொல்லிக்கொள்வார்கள். மைதானத்தின் ஒரு மூலையில் நின்று அவர், "லெஃப்ட்! ரைட்!" என்று கத்தினால் மறு மூலையில் காக்கைகள் வரிசையில் நிற்கும். அப்படி அவர் கத்திய முதல் நாளே பீரோவின் இடது காலோடு இடது கையும் சேர்ந்து முன்னால் போயிற்று. வலது காலோடு வலது கை. மனித குலத்தில் கையும் காலும் எதிரெதிர்க் கட்சியாக இருப்பதுதான் வழக்கம். பீரோவின் உடம்பில் மட்டும் கூட்டணி ஏற்பட்டிருந்தது.

சார்ஜென்ட் முதலில் அதை நம்பவில்லை. பிறகு நம்பினார். பிறகு ரசித்தார் என்றுதான் சொல்ல வேண்டும். அவருக்குள் ஒரு நடிகர் ஒளிந்திருந்தார். "எல்லாரும் இங்க பாருங்க. ஐயா எப்படி நடக்குறாரு?" என்று மார்பை நிமிர்த்தி, வலது கையையும் வலது காலையும் ஒன்றாக வீசி, பீரோவைப் போலவே நடந்து காட்டினார். அணி விழுந்து விழுந்து சிரித்தது. பீரோவும் சிரித்தான், அவ்வளவு தத்ரூபம். கைதட்டலின் ருசி பொல்லாதது. மறுநாளும் நடந்து காட்டினார். அதற்கு மறுநாள் இன்னும் மெருகேற்றி, தோளில் லேசான சாய்வெல்லாம் சேர்த்தார். வாரக்கணக்கில் இந்தக் கலைநிகழ்ச்சி ஒருநாளும் தவறவில்லை.

ஆனால் சிரிப்பு முடிந்ததும் கண்டிப்பு வந்தது.

"இந்தா பாரு பீரோ. உறுதிமொழி எடுக்குற அணிவகுப்புக்கு உன் வீட்டாளுங்க எல்லாம் வருவாங்க. அதுக்குள்ள உன் நடை திருந்தலைன்னா உன்னைக் கூட்டத்துல சேர்க்க மாட்டேன். அடுத்த அணியோட மொதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்."

"மொட்டையிலேர்ந்தா சார்?"

"மொட்டையிலேர்ந்து."

பீரோவுக்கு மொட்டை பெரிய விஷயமில்லை. மாமாதான் விஷயம். ஞாயிற்றுக்கிழமை போனில் மாமா அன்பொழுகப் பேசினார்.

"மாப்ளே, உடம்பு நல்லாருக்கா? உன் இடத்துக்கு இன்னும் ஆள் போடல. பட்டையை லாரி ஆணியிலேயே மாட்டி வெச்சிருக்கேன்."

"எதுக்கு மாமா? ஆள் போட்டுக்க வேண்டியதுதானே."

"எதுக்கு வீணா? நீதான் வந்துடுவியே."

போனைப் பிடுங்கி அக்கா, "அவர் கெடக்கார்டா, உன்னைப் பார்க்கப் புதுப்புடவை எடுத்திருக்கேன்" என்றாள். அக்கா புதுப்புடவையோடு வந்து, வரிசையில் தம்பியைத் தேடி, அவன் மைதானத்து ஓரத்தில் நாற்காலி அடுக்கிக்கொண்டிருப்பதைப் பார்ப்பதா? அதுவும் நாற்காலி தூக்கும் கோலத்தில், மாமாவின் கண்ணெதிரே?

வைத்தியம் தொடங்கியது. இரண்டு நீளக் கம்புகளின் ஒரு முனையைப் பீரோ பிடித்துக்கொள்ள, மறுமுனையை ஊசி பிடித்துக்கொண்டு சரியாகக் கை வீசினான். பீரோவின் கை திருந்தவில்லை. ஊசியின் கை கெட்டது. இடது மணிக்கட்டிலும் வலது கணுக்காலிலும் சிவப்புத் துணி கட்டிப் பார்த்தார்கள். துணியைப் பார்த்துக்கொண்டே நடந்ததில் கொடிக்கம்பத்தில் முட்டிக்கொண்டான். கம்பம் லேசாக ஆடியது. இவனுக்கு ஒன்றுமில்லை.

திருப்பம் வந்தது மதியச் சாப்பாட்டு வேளையில். தட்டோடு மெஸ்ஸுக்குப் போய்க்கொண்டிருந்த கூட்டத்தை சார்ஜென்ட் தற்செயலாகப் பார்த்தார். பார்த்தவர் சிலையாகிவிட்டார். எல்லாருக்கும் முன்னால் போய்க்கொண்டிருந்த பீரோவின் இடது காலோடு வலது கை போனது. வலது காலோடு இடது கை. இலக்கண சுத்தமான நடை. அவர் துப்பறிகிறவரைப்போல மரத்துக்கு மரம் ஒளிந்து பின்தொடர்ந்தார். மெஸ் வாசல் வரை ஒரு பிசகில்லை. கடைசி மரத்துக்குப் பின்னாலிருந்து திடீரென்று, "லெஃப்ட்!" என்று கத்தினார். அதே நொடியில் கூட்டணி அமைந்தது. தட்டும் கீழே விழுந்தது.

"எலே, இங்க வா. நடக்குறப்போ மனசுல என்ன நினைச்சே?"

"ரொட்டியும் முட்டையும் சார்."

"நான் கத்துனப்போ?"

பீரோ யோசித்தான். "தோள்ல பீரோ ஏறிடுச்சுன்னு உடம்பு நினைச்சுக்குது சார். எங்க மாமா இப்படித்தான் கத்துவாரு. படியில எறங்குறப்போ பீரோ இருக்குற பக்கம் கையும் காலும் சேர்ந்து போனாத்தான் ஆள் உருளாம இருப்பான்."

சார்ஜென்ட் மீசையைத் தடவினார். இத்தனை வருஷ சேவையில் தன் குரலே குற்றவாளிக் கூண்டில் நிற்பது இதுவே முதல் தடவை. சற்றுநேரம் அவருக்குள் மானமும் கடமையும் மல்லுக்கட்டின. கடைசியில் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, மீசைக்கு மட்டும் கேட்கிற குரலில், "ரொட்டி… முட்டை… ரொட்டி… முட்டை" என்றார். இடது காலுக்கு ரொட்டி, வலதுக்கு முட்டை. பீரோ நடந்தான். கை தானாக எதிர்க்கட்சிக்குப் போயிற்று.

அன்றிலிருந்து பீரோவின் இடம் முதல் வரிசையில், சார்ஜென்ட்டின் முதுகுக்கு நேர் பின்னால். மைக்செட் முணுமுணுக்கப் பழகினார். நாளடைவில் முதல் வரிசையே ரொட்டி முட்டையில் நடந்தது. சாப்பாட்டு வேளைக்கு முந்தைய அணிநடையில் அவர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை.

அணிவகுப்பு நாளும் வந்தது. பந்தலில் வீட்டார் நிறைந்திருந்தார்கள். அக்காவின் புதுப்புடவை தூரத்திலேயே தெரிந்தது. பக்கத்தில் மாமா, லாரியில் பெட்டி ஏற்றுமுன் எடை பார்க்கிற அதே முகத்தோடு, கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாண்டு முழங்கியது. முரசுச் சத்தத்துக்கு நடுவே முன்னால் போகிற முதுகிலிருந்து ரொட்டி, முட்டை என்று பிசிறில்லாமல் வந்துகொண்டிருந்தது. பீரோ மிதந்தான்.

ஒரே ஒரு கண்டம் பாக்கி. பந்தல் முனையில் அணி இடப்பக்கம் திரும்ப வேண்டும். அதற்கு சார்ஜென்ட் கத்தித்தான் ஆக வேண்டும். முணுமுணுப்பைக் கேட்டு ஓர் அணி திரும்பாது. கத்தினால் பீரோவின் தோளில் பீரோ ஏறிவிடுமே என்று முந்தின நாளிலிருந்தே அவருக்குச் சோறு இறங்கவில்லை. முனை நெருங்க நெருங்க அவர் மனக்கண்ணில் ஒரே ஒரு காட்சிதான்: வலது கையும் வலது காலும் ஒன்றாகப் போகிற அந்த நடை. வாரக்கணக்கில் தானே மெருகேற்றிய நடை.

"இடப்பக்கம்… திரும்பு!"

அணி திரும்பியது. பீரோவின் தோள் ஒரு கணம் சாய்ந்தது. 'முட்டை' என்று பல்லைக் கடித்துக்கொண்டான். தோள் நிமிர்ந்தது. கை சரியாகப் போயிற்று. அப்பாடா என்று நிமிர்ந்து பார்த்தான்.

முன்னால் சார்ஜென்ட்டின் வலது காலோடு வலது கை போய்க்கொண்டிருந்தது.

இடதோடு இடது. வலதோடு வலது. தோளில் அந்த லேசான சாய்வு உட்பட. மார்பில் பதக்கங்கள் குலுங்க, ராணுவ வரலாற்றிலேயே மிகக் கம்பீரமாக, மனிதர் பீரோ இறக்கிக்கொண்டிருந்தார். அவருக்கே அது தெரிந்துவிட்டது. பின்கழுத்து சிவந்து வந்தது. ஆனால் தெரிந்துகொண்டால் நின்றுவிடுகிற வியாதி இல்லை அது. பீரோவுக்குத் தெரியாதா? முணுமுணுப்பும் நின்றுபோயிருந்தது. மேடையில், அணிவகுப்பு மரியாதையை ஏற்க வந்திருந்த விருந்தினர் எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

பீரோ உதட்டை அசைக்காமல் சொன்னான்: "ரொட்டி, சார்."

சிவந்த கழுத்து விறைத்தது.

"முட்டை, சார். ரொட்டி, சார். சூடா இருக்கு சார். முட்டை."

இடது கை தயங்கியது. காற்றில் ஒரு கணம் கட்சி மாறுவதா வேண்டாமா என்று யோசித்தது. மாறியது. மேடையை அடைந்தபோது சார்ஜென்ட்டின் நடையில் குற்றம் சொல்ல அவரைப் போல இன்னொரு சார்ஜென்ட்டால் கூட முடிந்திருக்காது. விருந்தினர் இந்த அணியைப் பார்த்துத் தலையசைத்தார் என்று பிற்பாடு ஊசி அடித்துச் சொன்னான். ஈயை ஓட்டினார் என்போரும் உண்டு.

உறுதிமொழி முடிந்து அணி கலைந்ததும் அக்கா ஓடிவந்து தம்பியின் மொட்டையைத் தடவித் தடவிப் பார்த்தாள். பின்னாலேயே மாமா நிதானமாக வந்தார். மச்சானைத் தலை முதல் பூட்ஸ் வரை பார்த்தார்.

"நல்லாத்தான் நடந்தே மாப்ளே. பட்டையை ஆணியிலேர்ந்து எடுத்துட வேண்டியதுதான்."

பீரோவின் பற்களெல்லாம் தெரிந்தன. மாமா குரலைத் தாழ்த்தினார்.

"ஆனா ஒண்ணு கேக்கணும். உங்க முன்னாடி ஒருத்தர் போனாரே, மீசை வெச்சவரு. அவர் எந்தக் கம்பெனியில பீரோ தூக்கினவரு?"

"ஐயோ மாமா, மெதுவா. அவர் எங்க சார்ஜென்ட்."

"இருக்கட்டுமே. அந்த நடை எனக்குத் தெரியாதா? இரும்பு பீரோ, குறுகலான படி, மூணாவது மாடி. தோள் சாயுறதுலயே தெரியுதே. நம்ம லாரிக்கு வருவாரான்னு கேளு. உன் பட்டை சும்மாத்தானே கெடக்கு."

பின்னால் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். மூவரும் திரும்பினார்கள். சார்ஜென்ட் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றிருந்தாரோ. பீரோ விறைத்து சல்யூட் அடித்தான். சார்ஜென்ட் மாமாவைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், கடைசியில் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, அவர் மனைவிகூடக் கேட்டிராத குரலில் சொன்னார்:

"ரிட்டயர் ஆனதும் பார்ப்போம். இப்ப எல்லாரும் சாப்பிட வாங்க."

நாலு பேரும் மெஸ்ஸை நோக்கி நடந்தார்கள். நாலு பேரின் கையும் காலும் ஒழுங்காகவே போயின.