ஏழாம் பரணுக்கு ஏற்ற பூட்ஸ்

தைஸ்தோ ஹெய்குராவைப் பரணிலிருந்து இறக்கிச் சூப்பு அண்டாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லலாம் என்று வேட்டைக் குழு பேசியது. முதுகுக்குப் பின்னால் பேசவில்லை. டிசம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை, வேட்டைக் குடிசையில், அவர் எதிரிலேயே காபி குடித்துக்கொண்டு பேசினார்கள்.

விஷயம் முந்தின நாள் நடந்தது. சதுப்பு நிலத்தின் ஓரத்தில் நிற்கும் ஏழாம் பரண் அவருடையது. காலையிலிருந்து அதில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். மதியத்துக்குள் இரண்டு பாதங்களும் மரத்துவிட்டன. பொறுக்க முடியாமல் இறங்கி, ஒரு பைன் மரத்தைச் சுற்றிக் காலைத் தரையில் உதைத்து உதைத்து நடந்தார். நாய் விரட்டிக்கொண்டு வந்த ஆண் எல்க் மான் அந்தச் சத்தத்தைக் கேட்டுத் திரும்பியது. அவர் துப்பாக்கியைத் தோளிலிருந்து எடுப்பதற்குள் மரங்களுக்குள் மறைந்துவிட்டது. தலைவன் சொல்லாமல் பரணைவிட்டு இறங்கக் கூடாது. கைனு வட்டாரத்து வேட்டைக் குழுக்களில் வேறு எதையும் மன்னிப்பார்கள், இதை மன்னிப்பது கஷ்டம்.

"கிழவன் எல்க் முன்னாடி டான்ஸ் ஆடியிருக்கான்பா. அது வெக்கப்பட்டு ஓடிருச்சு" என்றான் பென்த்தி. அவருக்குப் பள்ளிக்காலத்துக் கூட்டாளி.

தலைவன் ரைமோ வயதில் இளையவன். "தப்பா எடுத்துக்காதீங்க தைஸ்தோ. சூப்பும் முக்கியமான வேலைதான்."

"சூப்பு வைக்கிறவனுக்கு யாரு வாக்கி டாக்கி குடுக்கப் போறா?"

கேட்டுவிட்டுத் தைஸ்தோ தன் பூட்ஸைப் பார்த்தார்.

"புது பூட்ஸ் வாங்கறேன். ஒரு தடவை பாரு."

ரைமோ கோப்பையைக் கீழே வைத்தான். "சரி. அடுத்த வாரம் சனி, ஞாயிறு. ரெண்டு நாளும் உக்காந்துட்டீங்கன்னா ஏழு உங்களுது. இல்லன்னா அதுக்கப்புறம் பேச்சே இல்ல."

தைஸ்தோ வேலைக்காலம் முழுக்கச் சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டியவர். ஊர் எழுந்திருக்கும் முன் தனியாகக் கிளம்பி, தனியாகத் திரும்பியவர். அப்போது தனிமை அவருக்கு ஒரு பொருட்டாகவே இருந்ததில்லை, வீட்டில் மனைவி ஹெல்வி இருந்தாள். அவள் போய் இரண்டு வருஷமாகிறது. இப்போது தபால் வண்டி வந்தால்தான் வாசலில் சத்தம். வேட்டைக்காலத்தில் மட்டும் காதில் வாக்கி டாக்கியின் அந்தச் சின்னக் கருவி இருக்கும். நாய் எங்கே இருக்கிறது, எவன் எங்கே நிற்கிறான், எவனுக்கு மூக்கு ஒழுகுகிறது என்று நாள் முழுக்கப் பேச்சு. மகள் கைசுவிடம்கூட அவர் இதைச் சொன்னதில்லை. போனில் "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்பார்.

திங்கட்கிழமை நகரத்துக் கடைக்குப் போனார். கடைக்காரி மர்க்கெத்தா அவரை உட்காரவைத்தாள்.

"என்ன சைஸ்?"

"நாப்பத்தி மூணு."

"அது உங்க கால் சைஸ். நான் பூட்ஸ் சைஸ் கேட்டேன்."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"நல்லா இருக்கே! ரெண்டு கம்பளி சாக்ஸ மாட்டிக்கிட்டு நாப்பத்தி மூணுக்குள்ள கால திணிச்சா விறைக்காம என்ன பண்ணும்? நாப்பத்தஞ்சு போடுங்க."

"சர்க்கஸ்காரன் மாதிரி இருக்குமே."

"எல்க் சிரிக்காது, பயப்படாதீங்க."

இரண்டு ஜோடி கொண்டுவந்து வைத்தாள். இரண்டும் முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ். ஒன்று இலேசானது, உள்ளே கதகதப்புக்கு வைத்த அடுக்கு ரப்பரோடு ஒட்டியே இருந்தது. மைனஸ் நாற்பது வரை தாங்கும் என்று அட்டையில் போட்டிருந்தது. மற்றது கனமானது. அதன் உள்ளே தடித்த கம்பளி உறை தனியாக இருந்தது.

"தனியா இருக்கிற ஆளுக்கு அந்த லேசானதுதான் சௌகரியம்" என்றாள். "இன்னொண்ணுல தெனமும் உறைய உருவி அடுப்புகிட்ட காய வைக்கணும். பழசுலயும் அதே தொல்லைதானே உங்களுக்கு?"

"எந்த உறை?"

அவள் குனிந்து, அவர் கழற்றி வைத்திருந்த பழைய பூட்ஸுக்குள் கையை விட்டு இழுத்தாள். சாம்பல் நிறத்தில், கனத்துப்போய், பூஞ்சை நாற்றத்தோடு ஒரு கம்பளி உறை வெளியே வந்தது. விரலால் அழுத்தினாள். தண்ணீர் கசிந்தது.

"இத கடைசியா எப்பக் காய வச்சீங்க?"

தைஸ்தோ உறையை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். எதையும் வாங்காமல் வீட்டுக்குத் திரும்பினார்.

சமையலறை அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் இரண்டு மர முளைகள் இருந்தன. ஒன்றில் சாவியும் மற்றதில் தொப்பியும் தொங்கவிட்டிருந்தார். கோட்டைக் கழற்றாமலே மகளுக்குப் போன் போட்டார். கைசு தாம்பெரே நகரத்தில் குளிர்கிடங்குகள் கட்டும் பொறியாளர்.

"அடுப்பு பக்கத்துல ரெண்டு முளை இருக்கே, அது எதுக்கும்மா?"

"உங்க பூட்ஸ் உறைய மாட்டத்தான். அம்மா ராத்திரி உருவி மாட்டுவாங்க, காலைல திரும்ப உள்ள போடுவாங்க. ஏன்ப்பா?"

"சும்மாதான்."

"அப்பா, ரெண்டு வருஷமா நீங்க அத..."

"சும்மாதான் கேட்டேன்."

பிறகு கைசு தனக்குத் தெரிந்த பாஷைக்கு வந்தாள். "கம்பளி சூடு குடுக்கிறதில்லப்பா. அதுக்குள்ள இருக்கிற காத்துதான் சூட்டப் புடிச்சு வைக்குது. ஈரமாயிட்டா காத்துக்கு எடமில்ல. கால் வேர்வை ரப்பரத் தாண்டி எங்கயும் போகாது. உறைக்குள்ளதான் நிக்கும்."

"கடைல உறை ஒட்டின மாதிரி ஒண்ணு காட்டினா. மைனஸ் நாப்பதாம்."

"அது நடக்கிற காலுக்குப் போட்ட கணக்கு. நீங்க உக்காந்திருக்கீங்க. அதுவுமில்லாம சனிக்கிழமை ஈரம் ஞாயித்துக்கிழமை காலைல அப்படியே இருக்கும். எத்தன நாள் வேட்டை?"

"ரெண்டு நாள்."

"அப்ப கழட்டுற உறைதான். விரல ஆட்ட எடம் இருக்கணும். பரண் பலகைல நேரா கால வைக்காதீங்க, அடியில காத்தடிக்கும். ஊசியிலைக் கிளைய வெட்டிப் போட்டுக்குங்க."

"சரிம்மா."

போனை வைத்தபின் நாற்காலியில் உட்கார்ந்தார். கல்யாணமான நாளிலிருந்து ஒவ்வொரு குளிர்காலக் காலையிலும் அவர் கால் நுழைத்தது சூடான பூட்ஸுக்குள். வீட்டுக்குள் இருந்ததால் சூடாக இருக்கிறது என்றுதான் நினைத்திருந்தார். ஒருமுறை ஹெல்வியிடம் "நல்ல பூட்ஸ் இது" என்று சொன்னதுண்டு. "ஆமா" என்று அவள் சொன்னாள்.

சாவியையும் தொப்பியையும் எடுத்து மேஜைமேல் வைத்தார்.

மறுநாள் போய்க் கனமான ஜோடியை நாற்பத்தைந்தில் வாங்கினார்.

"சொன்னாக் கேக்க மாட்டீங்களே" என்றாள் மர்க்கெத்தா.

"தொல்லை இருக்கட்டும்" என்றார்.

சனிக்கிழமை ஒன்றும் வரவில்லை, அவரும் இறங்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் உறைகளை உருவினார். முதலில் தலைகீழாக மாட்டிப் பார்த்தார், பிறகு திருப்பி மாட்டினார். எப்படி மாட்டுவது என்று கேட்க யாரும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை குளிர் இன்னும் இறுகியது. உறைந்த மரங்கள் குளிரில் வெடிக்கும் சத்தம் தூரத்தில் கேட்டது. மதியத்துக்குப் பிறகு நாயின் குரைப்பு ஏரிக்கு அப்பால் போய்த் தேய்ந்தது.

"ஏழு, உங்க பக்கம் இனிமே எதுவும் வராது" என்றான் ரைமோ காதுக்குள். "குளுருச்சுன்னா நெருப்புகிட்ட வந்துடுங்க. நானே சொல்றேன், தப்பில்ல."

பென்த்தி நடுவில் புகுந்தான். "சாஸேஜ் சுட்டாச்சுடா. டான்ஸ் ஆடவும் எடம் இருக்கு."

அவன் குரலுக்குப் பின்னால் விறகு வெடிப்பதும் இரண்டு மூன்று பேர் சிரிப்பதும் கேட்டன. தைஸ்தோ பொத்தானை அழுத்தினார்.

"கால் சூடாத்தான் இருக்கு. இங்கயே இருந்துக்கறேன்."

உண்மைதான். பூட்ஸுக்குள் பத்து விரல்களும் ஆடின. எதிரே வெறும் சதுப்பு, பனி, குட்டை மரங்கள். யாரோடாவது இருக்க வேண்டும் என்றுதான் இந்தப் பரணுக்காக மல்லுக்கட்டினார். பரணில் யாரும் இல்லை. கால் சூடாக இருக்கிறது என்று ஒரே ஒருத்தியிடம் சொல்ல வேண்டும்போல் இருந்தது. ரைமோவிடம் சொன்னதோடு அது நின்றுவிட்டது.

வெளிச்சம் குறையும் நேரத்தில் ரைமோ எண்களைக் கூப்பிட்டான். காட்டில் துப்பாக்கியோடு இருக்கிற எல்லோரும் விட்டுப்போகாமல் பதில் சொன்ன பிறகுதான் கலைவார்கள். ஒவ்வொரு பரணும் பதில் சொன்னது.

"ஆறு?"

"இருக்கேன்."

"ஏழு?"

"ஏழு இருக்கு."

"இறங்குங்க தைஸ்தோ. ஏழு உங்களுக்குத்தான்."

"அது பூட்ஸுக்குக் குடுத்தது" என்றான் பென்த்தி. "ஆளுக்கு இல்ல."

அதன்பிறகு மூன்று வேட்டைக்காலம் அவர் ஏழில் உட்கார்ந்தார். இரண்டு எல்க் அடித்தார். நாலாவது வருஷம் ஆகஸ்டில், உருளைக்கிழங்குப் பாத்தியில் குனிந்தவர் எழுந்திருக்கவில்லை.

அந்த அக்டோபரில் வேட்டை தொடங்கிய நாள் கைசு குடிசைக்கு வந்திருந்தாள். அவருடைய வாக்கி டாக்கியைத் திருப்பிக் கொடுக்க வந்தவள் சாயங்காலம்வரை அதைக் காதில் வைத்திருந்தாள். ரைமோ ஆறைக் கூப்பிட்டான், ஆறு பதில் சொன்னது. பிறகு சத்தமே இல்லை. பென்த்திகூட வாயைத் திறக்கவில்லை.

ரைமோ எட்டைக் கூப்பிட்டான்.