லிட்டருக்கு இருபது

இனிமேல் ஜீப்பில் ஏறக்கூடாது என்று டாக்டர் சொன்னபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஏலக்காய்த் தோட்டம் வைத்திருக்கும் போடிக்காரியிடம் ஜீப்பில் ஏறாதே என்றால், தோட்டத்துக்குப் பறந்தா போவது? முதுகுத்தண்டில் தட்டு தேய்ந்திருக்கிறதாம், குலுங்கவே கூடாதாம். பத்துப் பேர் உட்காரும் ஜீப்பில் பதினாறாவது ஆளாகத் தொற்றிக்கொண்டு இருபது வருஷமாகப் போடிமெட்டு ஏறி இறங்கியவள் நான். தேயாமல் என்ன செய்யும்.

தோட்டம், மலையுச்சி மெட்டைத் தாண்டி அந்தப் பக்கம் இருக்கிறது. மூன்று ஏக்கர். என் அப்பா எனக்கென்று எழுதிக் கொடுத்தது. என் பேரில் இந்த உலகத்தில் இருக்கும் சொத்து அது ஒன்றுதான். கூலியாட்களோடு சேர்ந்து நானும் காய் எடுப்பேன். எடுத்த காயை உலர்த்தி மூட்டை கட்டி இறக்குவதும் நான்தான்.

டாக்டர் சொன்ன செய்தி எனக்கு முன்னால் ஊருக்குள் போய்விட்டது. மறுநாள் காலையில் மச்சான் வந்து உட்கார்ந்தார். மச்சான் என்றால் என் கணவரின் அண்ணன். என் தோட்டத்தை ஒட்டி அவருக்குப் பன்னிரண்டு ஏக்கர் இருக்கிறது.

"ஏத்தா, ஒடம்புதான் முக்கியம். தோட்டத்த எங்கிட்ட குத்தகைக்கு விட்டுட்டு நீ நிம்மதியா வீட்ல இரு" என்றார்.

அவரிடம் குத்தகைக்குப் போன நிலம் எதுவும் திரும்பி வந்ததாக எனக்கு நினைவில்லை. என் கணவரைப் பார்த்தேன். ராசிங்காபுரம் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அறுபது பிள்ளைகளை ஒரு முறைப்பில் அடக்குகிறவர், அண்ணன் முன்னால் மட்டும் ஒரே வார்த்தைதான் பேசுவார்.

"சரிண்ணே" என்றார்.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "குத்தகையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நான் நகைய வித்துக் கார் வாங்கிப் போய்க்கிறேன்" என்றேன்.

மச்சான் சிரித்தார். "காரா? அது மலையேறக் குடிக்கிற பெட்ரோலுக்கு ஒன் ஏலக்காய் பத்தாது. லிட்டருக்கு இருபது கிலோமீட்டர் கொடுத்தாத்தான் கட்டுபடியாகும், தெரியும்ல?"

அத்தோடு நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வதுதான் என் பிறவிக் குணமாயிற்றே. "இருபத்தொண்ணு கொடுக்கும், பாருங்க. கொடுக்கலைன்னா தோட்டத்த நீங்களே எடுத்துக்கங்க" என்று சொல்லித் தொலைத்தேன். மச்சான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். மூன்று மாசம் ஓட்டிப் பார்க்கலாம், முதல் இரண்டு மாசம் பழகுவதற்கு, மூன்றாவது மாசம் வருகிற மைலேஜ்தான் கணக்கு என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார். என் கணவர் அதற்கும் சரிண்ணே என்றார்.

கார் பார்க்கத் தேனிக்குப் போனோம். எங்கள் ஊரில் எந்த வண்டி வாங்கினாலும் எத்தனை மூட்டை பிடிக்கும் என்பதுதான் முதல் கேள்வி. அதனால் நான் கையோடு இரண்டு சாக்கில் உமி கட்டிக்கொண்டு போயிருந்தேன். ஷோரூமில் டை கட்டிய ஒருவர் திரையைத் தொட்டுத் தொட்டு, "இதுல பாட்டு வரும் மேடம், மேப் வரும்" என்றார்.

"அது வரட்டும், டிக்கியத் தெறங்க" என்றேன்.

ஒரு மூட்டை உள்ளே போனது. இரண்டாவதை வைத்து நான் முழங்காலால் அமுக்கியதில் சாக்கு பிரிந்து, புத்தம் புதுக் காருக்குள் உமி கொட்டிவிட்டது. என் கணவர் என்னைத் தெரியாதவர்போல் தள்ளிப் போய் நின்று டயர் விளம்பரத்தைப் படித்துக்கொண்டிருந்தார். மைலேஜ் எவ்வளவு என்று கேட்டேன். இருபத்து நாலு என்றார் டை கட்டியவர். மலையிலா என்று கேட்டதற்கு, ரோட்டில் என்றார். எந்த ரோட்டில் என்றதற்கு மறுபடியும் திரையைத் தொட ஆரம்பித்துவிட்டார்.

கடைசியில் உத்தமபாளையத்தில் ஒரு பெரியவர் கோயிலுக்குப் போய்வர மட்டும் வைத்திருந்த பழைய வெள்ளைக் காரை வாங்கினோம். பின் சீட்டை மடக்கினால் நாலு மூட்டை தாராளமாகப் பிடித்தது. இருப்பதிலேயே சின்ன இன்ஜின். குறைவாகத்தான் குடிக்கும் என்று நம்பினோம். சின்ன இன்ஜின் குறைவாகக் குடிக்கும் என்பதெல்லாம் சமவெளிக்காரர்கள் பேச்சு. நாலு ஆளை ஏற்றி மலையில் விட்டால் அது அழுதுகொண்டே குடிக்கும். இதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

டிரைவிங் ஸ்கூலில் பழகி லைசென்ஸ் எடுத்த கையோடு, கூலிக்கு வரும் மூன்று பெண்களைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். மெட்டுக்குப் பதினேழு கொண்டை ஊசி வளைவு. ஐந்தாவது வளைவில் முதல் கியரிலேயே வண்டி நின்றுவிட்டது. மூன்று பேரும் இறங்கினார்கள். ஆள் இறங்கியதும் வண்டி ஏறியது. நான் சுற்றிக்கொண்டு அடுத்த வளைவுக்குப் போனால், அவர்கள் குறுக்குப் பாதையில் எனக்கு முன்னால் வந்து வெற்றிலை போட்டுக்கொண்டு நிற்கிறார்கள்.

"நாங்க இப்படியே நடந்து போயிர்றோம்த்தா. நீ வெரசா வரணும்னு இல்ல, பைய வா" என்றாள் மூத்தவள்.

பக்கத்தில் போன ஜீப்பிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்து, "தள்ளணுமாக்கா?" என்று கேட்டார். அன்றைக்கு மானம் போனதைப்போல் என்றைக்கும் போனதில்லை.

ஒவ்வொரு மாசமும் ஒன்றாம் தேதி என் கணவர் டேங்க் நிறையப் பெட்ரோல் போட்டு, ஓடிய கிலோமீட்டரையும் பில்லையும் ஒரு நோட்டில் எழுதி வகுப்பார். முதல் மாசம் பதின்மூன்றரை வந்தது. மச்சான் நோட்டைப் பார்த்தார், இரண்டு காபி குடித்தார், என் தோட்டத்துக்கு எல்லைக்கல் எங்கெங்கே இருக்கிறது என்று விசாரித்துவிட்டுப் போனார்.

இரண்டாவது மாசம் என் கணவர் சிக்கனத்தில் இறங்கினார். ஏசியைத் தொடக்கூடாது, கண்ணாடியை இறக்கக்கூடாது. ஹாரன் அடித்தால் பெட்ரோல் போகுமா என்று மெக்கானிக்கிடம் நிஜமாகவே கேட்டார். அந்தக் காலத்து ஜீப்புக்காரர்கள் மெட்டிலிருந்து இறங்கும்போது இன்ஜினை நிறுத்தி நியூட்ரலில் உருட்டிக்கொண்டே வந்துவிடுவார்கள். அதைப் பார்த்து வளர்ந்தவர் இவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை தானே ஓட்டிவருவதாகச் சொல்லி, மெட்டைத் தாண்டியதும் சாவியைத் திருகி இன்ஜினை அணைத்துவிட்டார்.

"இறக்கத்துல எதுக்கு இன்ஜினு?" என்றார்.

இரண்டு வளைவு தாண்டியதும் ஸ்டியரிங் கல்லாகிவிட்டது. பிரேக்கோ நின்றுகொண்டு மிதித்தாலும் பிடிக்கவில்லை. எனக்குத் தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டுவிட்டேன். கைப்பிரேக்கை நான் இழுக்க, அவர் மிதிக்க, ஒரு வளைவில் மண் திட்டில் உரசி வண்டி நின்றது. சக்கரத்திலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. அவரை நான் அன்று திட்டியதை இங்கே எழுத முடியாது.

பிரேக்கைக் கழற்றிப் பார்த்த மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டார். "அண்ணே, இது பழைய ஜீப்பு இல்ல. கியர்ல போட்டு, ஆக்ஸிலேட்டர்லேர்ந்து கால எடுத்துட்டாலே இறக்கத்துல பெட்ரோல் தன்னால நின்னுரும். இன்ஜின ஆஃப் பண்ணாலும் அதே மிச்சந்தான். என்ன, கியர்ல வந்தா நீங்க வீட்டுக்கு வருவீங்க."

பிரேக், கிளட்ச், இன்சூரன்ஸ் என்று போன காசுக்கு அந்த மூன்று மாசமும் தனி ஜீப்பே வாடகைக்கு எடுத்திருக்கலாம். அது போதாதென்று சொந்தக்காரர்கள் வேறு. பெட்ரோல் நாங்களே போட்டுக்கொள்கிறோம் என்று காதுகுத்துக்கு வாங்கிப் போனவர்கள், சிவப்பு விளக்கு எரிய எரியக் கொண்டுவந்து விட்டார்கள். நல்ல வேளையாக மச்சான் பெட்ரோலை மட்டும்தான் பேசியிருந்தார். இரண்டாவது மாசம் பதினைந்து வந்தது. அதற்கு மேல் அந்த வண்டி கொடுக்காது என்று எனக்குப் புரிந்துவிட்டது.

மூன்றாவது மாசம் நான் ஒரு காரியம் செய்தேன். காய் சலித்த கழிவை விற்ற காசு கொஞ்சம் கையில் இருந்தது. வழக்கமான பங்க்கை விட்டுவிட்டுத் தேனி ரோட்டுப் பங்க்குக்குப் போய் முந்நூற்றைம்பதுக்குப் போட்டேன்.

"பில்லு வேணாமாக்கா?" என்றாள் அங்கிருந்த பெண்.

"பில்லே கூடாது" என்றேன்.

நோட்டில் ஏறாத பெட்ரோல். அப்படி நாலு தடவை. ஏமாற்று வேலைதான், இல்லையென்று சொல்லவில்லை. மூன்று ஏக்கருக்காக அதைவிடப் பெரிதாகவும் ஏமாற்றியிருப்பேன். ஆனால் அளவோடு ஏமாற்றினேன். சரியாக இருபத்தொன்று வரும்படி பார்த்துப் பார்த்துப் போட்டேன். அந்த மாசம் பெட்ரோல் முள் இறங்கவே மனசில்லாமல் நின்றது. வண்டி மலைக்குப் பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

கணக்குப் பார்க்கும் நாள் வந்தது. மச்சானும் கூடவே பங்க்குக்கு வந்தார். டேங்க் நிறைந்துவிட்டதாக மெஷின் சீக்கிரமே நின்றுகொண்டது. என் கணவர் பானட்மேல் நோட்டை வைத்து வகுத்தார். அவருக்கு வேர்த்தது.

"எவ்வளவுடா?" என்றார் மச்சான்.

"முப்பத்திரண்டுண்ணே."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மச்சான் நோட்டைப் பிடுங்கி, செல்லில் தானே வகுத்துப் பார்த்தார். முப்பத்திரண்டுதான். ஏசி போட்டீர்களா, இறக்கத்தில் எப்படி வந்தீர்கள் என்று போலீஸ்காரர்போல் விசாரித்தார். கொஞ்ச நேரம் வண்டியையே சுற்றிச் சுற்றி வந்தார்.

"எனக்கும் இப்படி ஒண்ணு பாருடா" என்று சொல்லிவிட்டு, பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

தோட்டம் தப்பியது. ஆனால் நான் போட்டதற்கு இருபத்தொன்றுக்கு மேல் வர வழியே இல்லை. வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன். "கணக்கு வாத்தியார்னு வெளிய சொல்லாதீங்க. முப்பத்திரண்டு எப்படிங்க வரும்? நானே திருட்டுத்தனமா ஆயிரத்து நானூறுக்குப் போட்டுத்தான் இருபத்தொண்ணு வர வச்சேன்."

அவர் என்னையே பார்த்தார். "எங்க போட்ட?"

"தேனி ரோட்டுல."

"நான் ராசிங்காபுரம் ரோட்டுல" என்றார். "ஞாயித்துக்கிழம வண்டி கழுவக் கொண்டு போறப்ப. ஆயிரத்துக்கு. நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தா எனக்கு அது மிச்சம்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. கல்யாணமாகி இருபத்தாறு வருஷம். இந்த மனுஷனுக்கு அண்ணன்தான் எல்லாம், நான் ஒன்றுமே இல்லை என்று எத்தனை நாள் மனசுக்குள் வைதிருப்பேன்.

"அதுக்கு அன்னைக்கே, குத்தகைக்கெல்லாம் விட முடியாதுன்னு அவர் மொகத்துக்கு நேரா ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?" என்றேன்.

"வாய் வரல" என்றார். "பெட்ரோல்தான் போட முடிஞ்சுச்சு."