இசக்கி தடுமாறிய சொற்கள்

1. ஒரு மணி நேர விசிட்

தொண்ணூறுகளில் பாளையங்கோட்டையில் ஒரு தொண்டு நிறுவனத்தில் கள அலுவலராக இருந்தேன். தங்கள் ஊருக்கென்று சொந்தமாக ஒரு காரியம் தொடங்கிய இளைஞர்களைத் தேடிப் பிடித்து, ஒரு வருஷம் கைகொடுப்போம். தேறினால் இரண்டாம் வருஷமும் உண்டு, தலைமைப் பயிற்சிக்கும் அனுப்புவோம். தேறினார்களா என்று பார்த்துப் படிவம் எழுதுவது என் வேலை. அதில் எனக்குக் கொஞ்சம் மிதப்பும் இருந்தது.

என் பொறுப்பில் இருந்த ஏழு பேரில் ஒருத்தி இசக்கி. முக்கூடலுக்குப் பக்கத்து ஊர். வயது இருபத்தொன்று, பிளஸ் டூ முடித்தவள். அவள் தெருவில் பெண்கள் எல்லோருக்கும் பீடி சுற்றுவதுதான் தொழில். மடியில் சுளகு என்கிற முறம், அதில் இலையும் தூளும். கை ஓயாது, ஆனால் காது சும்மாதானே இருக்கிறது என்று இசக்கிக்குத் தோன்றியிருக்கிறது. பத்துப் பதினைந்து பேரை ஒரு கொட்டகையில் சேர்த்து உட்காரவைத்து, தினமும் பேப்பர் வாசித்துக் காட்டத் தொடங்கினாள். அவளும் பீடி சுற்றிப் பிழைப்பவள்தான். வாசிக்கிற நேரத்தில் அவளுக்குக் குறைகிற பீடியை மற்றவர்கள் ஆளுக்கு ஒரு கட்டு சுற்றி ஈடு செய்தார்கள். இப்படி ஒரு ஏற்பாட்டை எந்தப் பயிற்சியிலும் நாங்கள் சொல்லிக்கொடுத்ததில்லை.

ஒரே குறை, வாசிப்பு படுமோசம். நான் போன மூன்று தடவையும் நாலு வரிக்கு ஒரு தரம் தட்டுத் தடுமாறி நின்றாள். பக்கத்தில் இருப்பவளிடம் பேப்பரைச் சாய்த்து, “இது என்ன எழுத்து மதினி?” என்று கேட்பாள். எனக்குப் பொறுக்கவில்லை. தனியாகக் கூப்பிட்டு, “வீட்ல ஒரு தடவ வாசிச்சுப் பாத்துட்டு வரக்கூடாதாம்மா?” என்றேன்.

“சரி சார்” என்றாள். அவ்வளவுதான்.

அடுத்த பஸ்ஸைப் பிடித்து வந்து, “வாசிப்புத் திறன் போதாது. இரண்டாம் ஆண்டுக்குப் பரிந்துரைக்க இயலவில்லை” என்று எழுதிவிட்டேன்.

2. ஒரு முழு நாள்

எங்கள் இயக்குநர் கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். படிவத்தைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“அங்கன எவ்வளவு நேரம் இருந்தீரு?”

“தடவைக்கு ஒரு மணி நேரம் சார்.”

“ஒரு மணி நேரத்துல என்னவே தெரியும்? ஒரு நாள் பூரா போய் உக்காந்துட்டு வாரும். பெறகு கையெழுத்துப் போடுதேன்.”

எரிச்சலோடுதான் போனேன். காலையில் அதே கூத்து. “ஆட்சியர்” என்ற சொல்லில் இசக்கி நின்றுவிட்டாள். நாலு பேர் சுளகை ஒதுக்கிவிட்டு எட்டிப் பார்த்தார்கள். முப்பிடாதி என்று ஒரு பெண், நாற்பது வயதிருக்கும், எழுத்துக் கூட்டிச் சொன்னாள். பிறகுதான் வாசிப்பு நகர்ந்தது.

மத்தியானம் பெண்கள் சாப்பிடப் போனார்கள். இசக்கியிடம் கையெழுத்து வாங்க எங்கள் அலுவலகக் கடிதம் ஒன்று வைத்திருந்தேன். இரண்டு பக்கம், நானே டிராஃப்ட் செய்தது, எனக்கே வாய்க்குள் நுழையாத தமிழ். வாசித்துக்காட்டச் சொன்னேன். மடமடவென்று வாசித்து முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

“மூணாவது பாராவுல எம் பேர தப்பா அடிச்சிருக்கிய சார்.”

எனக்கு விளங்கவில்லை. “காலையில ‘ஆட்சியர்’ங்கதுல நின்னுட்டியேம்மா?”

வாசல் பக்கம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள். “இங்கன முதியோர் பள்ளிக்கூடம் வச்சுப் பாத்தாங்க. ரெண்டாம் நாளே ஒருத்தரும் போகல. பிள்ளைங்க சிரிக்கும்னு வெக்கம். எழுத்துச் சொல்லிக் குடுக்கேன்னு சொன்னா மதினிமாரு வரமாட்டாக சார். எனக்குத் தெரியலன்னு சொன்னா, ஐயோ பாவம்னு உதவி செய்ய வருவாக.”

இருபத்தொரு வயதுப் பெண் பத்து மாதமாகத் தன்னைக் குறைத்துக் காட்டிக்கொண்டு, ஒரு தெருவுக்கே எழுத்தைக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். எதிரில் உட்கார்ந்து அவளுக்கு நான் மார்க் குறைத்திருக்கிறேன். கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது.

“இத அப்படியே எழுதிருதேன்” என்றேன்.

“எழுதாதிய சார். ஒருத்தர் காதுல விழுந்தாலும் போதும், நம்மள ஏமாத்திட்டான்னு எந்திரிச்சுப் போயிருவாக. இனி வரவே மாட்டாக.”

3. மேஜைக்கு முன்னால்

காரணம் சொல்லாமல் பரிந்துரையை மாற்றினேன். தேர்வுக் குழு சும்மா விடுமா? ஆளை நேரில் கூப்பிட்டது. வயசுப் பிள்ளையைத் தனியாக அனுப்ப மனமில்லாமல் முப்பிடாதியும் இன்னும் இரண்டு பேரும் பஸ் ஏறி வந்துவிட்டார்கள். மூவரும் அறையின் பின்பக்கம் பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

குழுவில் ஒருவர் என் பழைய படிவத்தைப் புரட்டி, “வாசிப்பு சரியில்லன்னு போட்டிருக்கே, எங்க, இத வாசிம்மா” என்று ஒரு சுற்றறிக்கையை நீட்டினார்.

நன்றாக வாசித்தால் பின்னால் இருக்கிற மூன்று பேருக்கும் உண்மை தெரிந்துவிடும். தடுமாறினால் இரண்டாம் வருஷம் போய்விடும். இசக்கி ஒரு கணம் திரும்பி பெஞ்சைப் பார்த்தாள். பிறகு வாசிக்க ஆரம்பித்தாள். இரண்டாவது வரியில், “ஒருங்...” என்று நின்றாள்.

கேட்டவர் பேனாவைத் திறந்தார்.

பின்னால் பெஞ்சு நகரும் சத்தம். முப்பிடாதி எழுந்து, யாரிடமும் கேட்காமல், நேரே மேஜைக்கு வந்தாள். இசக்கியின் தோள் வழியாகக் குனிந்து காகிதத்தில் விரலை வைத்தாள். “ஒ... ருங்... கி... ணைப்... பா... ளர்.” விரலை எடுக்காமல் அந்த வரியை முடித்தாள். அடுத்த வரியையும் வாசித்தாள். முதல் மாதம் என் பதிவேட்டில் கைநாட்டு வைத்தவள் அவள்.

பிறகுதான் எதிரே இருப்பவர்களைப் பார்த்து முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“பிள்ளைக்குக் கொஞ்சம் தடுமாறும்யா. அதுக்காகக் கழிச்சிராதிய. நாங்க பதினஞ்சு பேரு இருக்கோம்லா, சொல்லிக் குடுத்துப் பாத்துக்கிடுதோம்.”

இயக்குநர் மேஜையில் கிடந்த பதிவேட்டின் முதல் மாதக் கைநாட்டுகளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. குழுவில் மற்றவர்களுக்கும் பையப் பையப் புரிந்தது. கேட்டவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, “இருங்கம்மா, உக்காருங்க” என்று தன் நாற்காலியை முப்பிடாதிக்கு இழுத்துப் போட்டார். இரண்டாம் வருஷம் கிடைத்தது.

விஷயத்தைப் பிற்பாடு இசக்கியே மதினிமாரிடம் சொல்லிவிட்டாள், அதனால்தான் இப்போது எழுதுகிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு எனக்குச் சொல்லத் தெரிந்தது ஒன்றுதான். நீங்கள் தாங்கிப் பிடிக்க வந்த ஆளிடம் ஒரு குறையைக் கண்டால், அதைத் திருத்தக் கிளம்புவதற்கு முன்னால், அந்தக் குறையையே ஊன்றுகோலாகப் பிடித்துக்கொண்டு யாராவது எழுந்து நிற்கிறார்களா என்று பாருங்கள்.